பேராயர் மறுத்த சத்தியம்

பி.ஏ. வரலாறு படித்த நாளில் இங்கிலாந்து வரலாறுத் தாள் எங்களுக்குப் பெரிய தலைவலி. 1688ஆம் ஆண்டுப் புரட்சியை, "ரத்தம் சிந்தாத புரட்சி" என்று பத்து வரியில் எழுதி முடித்துவிடுவோம். ஒரு நாள் எங்கள் பேராசிரியர் கேட்டார்: "ராஜா ஓடிப்போயிட்டாரு, சரி. அவருக்குக் கீழ்ப்படியணும்னு காலங்காலமா பிரசங்கம் பண்ணின பாதிரிமாருங்க என்னய்யா பண்ணினாங்க?" வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு நானாகத்தான் தேடிப் படித்தேன்.

அவர்களுக்கு அடிப்படை, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம். ஆளும் அதிகாரம் கடவுள் தந்தது. அதை எதிர்ப்பவன் கடவுளையே எதிர்க்கிறான் என்பது அதன் சாரம். 1569இல் வடக்கே கலகம் வெடித்து அடங்கியதும், எலிசபெத் அரசு கலகம் பாவமென்று ஆறு பாகப் பிரசங்கமே அச்சிட்டுத் தேவாலயங்களில் வாசிக்க வைத்தது. ராபர்ட் ஃபில்மர் இன்னும் ஒரு படி மேலே போனார்: ஆதாமுக்குத் தகப்பன் என்ற முறையில் கிடைத்த அதிகாரம்தான் மன்னர்களுக்கும் வந்தது, ஆகவே பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளை ராஜாவுக்கும் சேர்த்துத்தானாம்!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ராஜா தகாததைச் சொன்னால் செய்ய வேண்டாம். ஆனால் ஆயுதம் எடுக்கக்கூடாது. தண்டனையைப் பொறுமையாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

கான்டர்பரி பேராயர் வில்லியம் சான்கிராஃப்ட் இதை அப்படியே வாழ்ந்து காட்டினார். கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ், மதத் தடைச் சட்டங்களை நிறுத்திவைக்கும் தம் பிரகடனத்தைத் தேவாலயங்களில் வாசிக்கச் சொன்னபோது, அது சட்டவிரோதம் என்று அவரும் ஆறு ஆயர்களும் 1688 மே மாதம் மனுக் கொடுத்தார்கள். ஏழு பேரும் லண்டன் டவர் சிறைக்குப் போனார்கள். ஜூன் 30இல் விடுதலை. ஊரே கொண்டாடியது.

அந்த டிசம்பரிலேயே ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார். புது மன்னர் வில்லியமுக்கும் மேரிக்கும் விசுவாசச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். சான்கிராஃப்ட் மறுத்துவிட்டார். தன்னைச் சிறையில் தள்ளிய ராஜாவுக்குக் கொடுத்த சத்தியம், அவர் உயிரோடு இருக்கிறவரை செல்லும் என்றார்! அந்த ஏழு பேரில் ஐவர் மறுத்தார்கள். குருமார் சுமார் 400 பேர் பதவி இழந்தார்கள்.

முதலில் மறுத்த வில்லியம் ஷெர்லாக் மட்டும் 1690இல் மனம் மாறினார். நிலைபெற்றுவிட்ட ஆட்சியும் கடவுள் சித்தம்தான் என்று வாதாடினார். அதே ரோமர் 13தான்! மறு வருஷமே செயின்ட் பால் பேராலயத்தின் தலைமைக் குரு ஆனார். மனைவியின் நச்சரிப்புதான் காரணம் என்று லண்டனில் கேலி செய்தார்கள். நடைமுறைக்கு ஒத்துவருவது ஷெர்லாக்கின் வாதம்தான். ஆனால் என் மனசு பேராயர் பக்கமே போகிறது.

பதவி பறிபோன சான்கிராஃப்ட், தாம் பிறந்த ஃப்ரெஸ்ஸிங்ஃபீல்டு கிராமத்துக்கே திரும்பினார். 1693இல் அங்கேயே இறந்தார், கடைசிவரை அந்தச் சத்தியத்தைச் செய்யாமலே.