தாது வருஷப் பஞ்சமும் தேவ சித்தமும்

காரைக்குடி, சிவகங்கைப் பகுதி கண்மாயையும் ஊரணியையும் நம்பி வாழும் வானம் பார்த்த சீமை. 1876-இல் பருவமழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிற்று. இத்தகைய அழிவை எண்ணும்போது 'எல்லாம் அவர் சித்தம்' என்று கூறி அமைவது நம் சபைகளில் வழக்கம்.

ஆனால் மழை நின்றது ஒன்று. மக்கள் மடிந்தது மற்றொன்று. பஞ்சத்தினிடையே இந்தியத் தானியம் கப்பலேறிற்று. 1877-இல் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசுமே போதுமென்று கூலியைக் குறைத்தார். சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. மனிதர் வாதாடி மாற்றக்கூடியதாயிருந்த ஒன்றை மாறாத தேவ ஆணையென்று எவ்வாறு பிரசங்கிப்பது?

அதே ஆண்டுகளில் திருநெல்வேலியில், கால்டுவெல் பணியாற்றிய பகுதிகளில், ஆயிரக்கணக்கானோர் திருச்சபையை நாடி வந்தனர். அதில் தேவகரத்தைக் கண்டவர் உண்டு. காணலாம், அதனால் டெம்பிளின் கணக்கு நீதியாகிவிடாது. யோசேப்பைச் சகோதரர் தீமைக்கென்று விற்றனர். தேவனோ நன்மைக்கென்று நடத்தினார். ஆதியாகமம் 50-ஆம் அதிகாரம் இரண்டையும் சொல்லுகிறது. இறையாண்மையைக் காட்டி மனிதர் பொறுப்பைத் துடைக்கவில்லை. பஞ்சத்தைத் தேவன் குறித்துவிட்டார் என்று அறிந்த அந்த யோசேப்பே, விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேமிக்கச் சொன்னான்.

இன்று சிவகங்கை மாவட்டத்தின் ஒரு பகுதிக்குப் பெரியாற்று நீர் வருகிறது. அணை திறக்கப்பட்டது 1895-இல். மேஜர் ரைவ்ஸ் அதற்கான திட்டத்தை 1867-இலேயே, பஞ்சத்திற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, வகுத்து அளித்திருந்தார்.