ஊசி நுழைஞ்ச கான்வாஸ் ஷூ

மலிவு விலையில ஒரு கான்வாஸ் ஷூ வாங்கி, வீட்டிலேயே ஊசி நூல் வெச்சு அதுல ஒரு பூவோ பட்டையோ தைச்சுப் போட்டுக்கிறது இப்போ பெரிய விஷயமே இல்லை. ஆனா நம்ம ஊர்ல வீட்டு ஊசி செருப்புப் பக்கம் வர்றதுக்கு ரொம்பக் காலம் ஆச்சு மக்களே. அந்தக் கதையைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்கலாம்னுதான் இந்தப் பதிவு.

1845ல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் வெயிலும் நோயும் தாங்காம பழனி மலை ஏறி, கொடைக்கானல்ல சன்னிசைடு, ஷெல்ட்டன்னு ரெண்டு பங்களா கட்டினாங்க. அந்தக் காலத்துல இங்கிலாந்து, அமெரிக்காவுல நடுத்தர வீட்டுப் பெண்களுக்கு பெர்லின் கம்பளி வேலைன்னு ஒரு மோகம். கட்டம் கட்டமான துணியில கம்பளி நூலால பூ தைப்பாங்க. அதைச் செருப்புத் தைக்கிறவர்கிட்ட கொடுத்தா அடிப்பாகம் வெச்சு வீட்டுச் செருப்பா ஆக்கிக் கொடுப்பார். கணவனுக்கும் பாதிரியாருக்கும் பரிசா கொடுக்கிறது வழக்கம். பூப்போட்ட செருப்போட ஒரு பாதிரியாரைக் கற்பனை பண்ணிப் பாருங்க :-)

இதே மலையோட அடிவாரத்துல கதை வேற. திண்டுக்கல் தோல் பதனிடுற ஊர். ஆவாரம்பட்டையில ஊறின தோல் தமிழ்நாட்டுல இருந்து கப்பல் கப்பலா சீமைக்குப் போச்சு. (பின்னாடி இந்தப் பட்டைத் தேவைக்காகவே பழனி மலைப் புல்வெளிகள்ல வாட்டில் மரத்தை நட்டு, அது புல்வெளியையே விழுங்கினது தனிச் சோகம். அதுக்குத் தனிப் பதிவு வேணும்.) செத்த மாட்டை உரிக்கிறதும் செருப்புத் தைக்கிறதும் அருந்ததியர் தலையில கட்டப்பட்ட வேலை. அவங்க தைச்ச செருப்பை ஊரே போட்டுக்கலாம். தைச்சவர் மட்டும் ஊர்த்தெருவுக்குள்ள வரும்போது கழட்டிக் கையில தூக்கிட்டு நடக்கணும். எல்லாம் பழங்கதைன்னு நினைக்காதீங்க. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015ல் கொண்டுவந்த திருத்தத்துல, பொது இடத்துல செருப்புப் போடுறதைத் தடுத்தா குற்றம்னு தனியா எழுதி வைக்க வேண்டியிருந்தது.

பனியா சாதியில பிறந்த காந்தி செருப்புத் தைக்கக் கத்துக்கிட்டது தென்னாப்பிரிக்காவுல. நண்பர் காலன்பாக் அங்கே ஒரு கிறிஸ்தவ மடத்துல பழகிட்டு வந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். 1910ல் தொடங்கின டால்ஸ்டாய் பண்ணையில காந்தி மத்தவங்களுக்கும் கத்துக் கொடுத்தார். அங்கே இருந்தவங்கள்ல தமிழர்கள் கணிசம். ஊர்ல இருந்திருந்தா அதுல எத்தனை பேர் தோல்ல ஊசி வெச்சிருப்பாங்க? சிறையில தைச்ச ஒரு ஜோடியை ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்ததும், அவர் அதைப் பல கோடைக்காலம் போட்டுட்டு 1939ல் திருப்பி அனுப்பினதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

ஆனா காந்தியால ஆகாத ஒண்ணை, அப்படியொரு நோக்கமே இல்லாம, ஒரு செக்கோஸ்லோவாகியா கம்பெனி பாதி செஞ்சதுன்னு எனக்குத் தோணும். 1931ல் இந்தியாவுக்கு வந்த பாட்டா, கல்கத்தா பக்கத்துல பாட்டாநகரைக் கட்டி, 1936ல் பள்ளிப் பிள்ளைகளோட விளையாட்டு வகுப்புக்காக வெள்ளை டென்னிஸ் ஷூவை இறக்குச்சு. மேலே துணி, கீழே ரப்பர். தோல் கிடையாது. குத்தூசி வேண்டாம், சட்டைப் பொத்தான் தைக்கிற ஊசியே போதும்.

எண்பதுகள்ல வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் போறதுக்காக எங்கம்மா என் பள்ளிக்கூட ஷூவுக்குள்ள கணுக்கால் படுற இடத்துல பழைய ஸ்வெட்டர் துண்டை வெச்சுத் தைச்சாங்க. ஏழாயிரம் அடி உயரம், ஜனவரிக் குளிர். அப்பத்தா பார்த்துட்டு, "செருப்புல குத்துன ஊசியக் கொண்டாந்து ரவிக்கையில வைப்பியாக்கும்?"ன்னாங்க. அம்மா நிமிரவே இல்லை. "துணிதான அத்தே, தோலா என்ன?" அந்தப் பதிலை ரொம்ப நாள் ரசிச்சிருக்கேன். இப்போ யோசிச்சா அந்த "தோலா என்ன"லயும் அதே தீட்டுதான் உட்கார்ந்திருக்கு. துணிங்கிறதாலதான் அம்மா தொட்டாங்க. பாதி செஞ்சதுன்னு மேலே சொன்னது அதனாலதான்.

சரி, தைக்க ஆசைப்படுறவங்களுக்கு: கனமான ஊசி, ரெட்டை நூல், விரல்ல கவசம். உள்ளே காகிதத்தைச் சுருட்டி அடைச்சுக்கிட்டா துணி விறைப்பா நிற்கும். விளிம்புக்குக் கம்பளித் தையல், பட்டை ஒட்டுறதுக்குக் கெட்டித் தையல். முடிச்சு வெளிப்பக்கம் வரட்டும், உள்ளே விட்டா கால்ல கொப்புளம்தான். ரப்பரும் துணியும் சேர்ற இடத்துக்கு அரை விரல் மேலேயே நிறுத்திடுங்க, அங்கே ஓட்டை போட்டா தண்ணி இறங்கும், ஒட்டும் விட்டுப் போகும். என்னதான் கவனமா தைச்சாலும் கொடைக்கானலோட அக்டோபர் மழைக்கு இது ஆகாது. ஜனவரிக்குத்தான் சரி.