மூழ்கிய கப்பல் வானில் பறந்த கதை



ஜப்பானிய அனிமேஷன் ரசிகர்கள் ஐம்பது ஆண்டுகளாக விவாதித்துவரும் கேள்வி ஒன்று உண்டு. விண்வெளியில் பறக்கும் கப்பலுக்கு, கடலில் மூழ்கிய ஒரு போர்க்கப்பலின் பெயரும் உருவமும் எதற்கு? சிறுபிள்ளைப் பேச்சு போலத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு நாட்டின் போர் நினைவே இருக்கிறது.

'யமாட்டோ' என்பது ஜப்பானின் பழைய பெயர். இன்றைய நாரா பகுதிக்கும் ஒரு காலத்தில் அதுவே பெயர். 1941 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்த போர்க்கப்பலுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். நீளம் 263 மீட்டர். 46 செ.மீ. குழல்வாய் கொண்ட 9 பீரங்கிகள். அவ்வளவு பெரிய பீரங்கி வேறு எந்த நாட்டுப் போர்க்கப்பலிலும் இல்லை. 1945 ஏப்ரலில், விமானப் பாதுகாப்பு இல்லாமல், திரும்பி வரும் நம்பிக்கையும் இல்லாமல் ஒகினாவாவுக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 7-ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டார்கள்.

1974 அக்டோபரில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' தொலைக்காட்சியில் தொடங்கியது. தயாரித்தவர் யோஷினோபு நிஷிசாகி. உருவம் தந்தவர்களில் முக்கியமானவர் ஓவியர் லெய்ஜி மாட்சுமோட்டோ. வேற்றுக்கிரகத்தார் வீசிய கதிரியக்கக் குண்டுகளால் பூமியின் கடல்கள் வற்றிவிடுகின்றன. காய்ந்த கடலடியில் கிடக்கும் பழைய யமாட்டோவுக்குள்ளேயே மறைவாக ஒரு விண்கப்பலைக் கட்டுகிறார்கள். அது 1,48,000 ஒளியாண்டு தொலைவு சென்று, பூமியைக் காக்கும் கருவியோடு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும்.

விவாதங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. கப்பலின் அடியில் சிவப்பு வண்ணம் ஏன்? கடலில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிப்பகுதிக்குப் பூசும் வண்ணம் அது. விண்வெளியில் பாசி ஏது? பழைய கப்பலின் அளவிலேயே இருந்தால் அத்தனை விமானங்களும் எங்கே அடங்கும்? 2012-இல் தொடங்கிய மறு உருவாக்கத்தில் நீளத்தை 333 மீட்டராக்கினார்கள்.

பெயர்களிலும் ஒரு வேடிக்கை. கதையில் 'யுகிகசே' என்ற சிறிய கப்பல் தனியே போரிட்டு அழிகிறது. அந்தச் சொல்லுக்குப் 'பனிக்காற்று' என்று பொருள். உண்மையான யுகிகசே, யமாட்டோவின் கடைசிப் பயணத்தில் துணைக்குச் சென்று, தப்பித் திரும்பிய நாசகாரிக் கப்பல். 1947-இல் போர் இழப்பீடாகச் சீனாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூழ்கியது கதையில் மீள்கிறது. மீண்டது கதையில் அழிகிறது!

1979-இல் இத்தொடர் அமெரிக்காவுக்குப் போனபோது கப்பலின் பெயர் கிரேக்கப் புராணத்து 'ஆர்கோ' ஆனது. உருவம் அதேதான். ஆனால் ஜப்பானியக் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் நினைவூட்டிய 3,000 பேர் அங்கே இல்லை.

"இது போரைப் புகழ்கிறது" என்பவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமானதே. ஜப்பானியப் படை மிதித்த நாடுகளில் அந்தப் பெயர் இனிமையாக ஒலிக்காது. அழகான கப்பல் படம், அதை அனுப்பியவர்களின் தவற்றையும் மறைத்துவிடக்கூடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உண்மைக் கப்பலைச் சாக அனுப்பினார்கள். கதைக் கப்பலுக்கு இட்ட கட்டளையோ திரும்பி வா என்பது. பூமிக்கு இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று ஒவ்வொரு வாரமும் எண்ணிக் காட்டினார்கள். 1945-இல் அந்த மாலுமிகளுக்கு யாரும் சொல்லாத கட்டளை அது. அந்தப் பழைய பெயரை மீண்டும் வைத்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள்.