ஒரு வாழ்வும் மூன்று ஆவணப்படங்களும்: லெனி ரீஃபென்ஸ்டால் பற்றிய ஜேர்மன் தொலைக்காட்சி முயற்சிகளும் தமிழ்த் திரை வரலாற்றெழுத்தும்

முன்னுரை

திரைக்கலை முன்னோடிகளின் வரலாறு பெரும்பாலும் அவர்தம் படைப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. படைப்புக்குப் பின்னால் நின்ற மனிதரைப் பற்றி அறிய முற்படும்போது ஆய்வாளருக்குக் கிடைப்பவை மூன்று வகைச் சான்றுகளாகும்: அம்மனிதர் தம்மைப் பற்றித் தாமே கூறியவை, அவரோடு வாழ்ந்தோரும் அவரால் பாதிக்கப்பட்டோரும் கூறியவை, அவர் விட்டுச்சென்ற தாள்கள், ஒலிநாடாக்கள், படச்சுருள்கள். இவற்றுள் எதற்கு முதன்மை தருவது என்பது நெறிமுறை சார்ந்த வினா மட்டுமன்று. அது நீதி சார்ந்த வினாவும் ஆகும்.

இவ்வினாவுக்கு விடை காண, ஜேர்மனியின் நடிகையும் இயக்குநருமான லெனி ரீஃபென்ஸ்டால் (1902–2003) குறித்து வெளிவந்த மூன்று ஆவணப்படங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. 1982, 1993, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இம்மூன்றும் முறையே பாதிக்கப்பட்டோரின் சாட்சியம், நாயகியின் சுயகூற்று, தனிமனித ஆவணத் தொகுப்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டவை. பாதிக்கப்பட்டோரின் குரலே முதலில் பதிவாயிற்று; ஆயினும் அதுவே நெடுங்காலம் மக்களின் செவிக்கு எட்டாது போயிற்று என்பதும், இதனின்று தமிழ்த் திரை வரலாற்றெழுத்து பெறவேண்டிய படிப்பினை ஒன்று உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

1. புகழும் தற்காப்பும்

பேர்லினில் பிறந்த ரீஃபென்ஸ்டால் நடனக் கலைஞராகத் தொடங்கி, 1926இல் ஆர்னோல்ட் ஃபாங்க் இயக்கிய மலைப்படமொன்றில் நடிகையாக அறிமுகமானார். 1932இல் 'நீல ஒளி' என்னும் படத்தைத் தாமே இயக்கினார். நாஸிக் கட்சியின் நூரம்பேர்க் மாநாட்டைப் பதிவுசெய்த 'மனவுறுதியின் வெற்றி' 1935இலும், பேர்லின் ஒலிம்பிக் போட்டிகளைப் பதிவுசெய்த 'ஒலிம்பியா' 1938இலும் திரையிடப்பட்டன. பின்னையது ஹிட்லரின் பிறந்தநாளான ஏப்ரல் 20இல் முதன்முதலாகக் காட்டப்பட்டது. தரையில் பள்ளம் தோண்டிக் கமெராவை இறக்கியமை, தண்டவாளத்தில் கமெராவை நகர்த்தியமை, நீருக்கடியில் நீச்சல் வீரர்களைப் படமெடுத்தமை முதலிய உத்திகள் இன்றைய விளையாட்டு ஒளிபரப்புக்கு முன்னோடியாக அமைந்தன. அவரது தொழில்நுட்பத் திறனை எவரும் மறுப்பதில்லை.

போருக்குப் பின்னர் நடந்த விசாரணைகளில் அவர் இறுதியாக 'உடன்சென்றவர்' என வகைப்படுத்தப்பட்டார். அவர் கட்சி உறுப்பினராக இருந்ததில்லை. தாம் அரசியல் அறியாத கலைஞர் என்பதே அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் கூறிவந்த விளக்கம். 1970களில் சூடானின் நூபா மக்களைப் பற்றிய ஒளிப்படநூல்கள் அவருக்குப் புதிய புகழைத் தேடித்தந்தன. 1975இல் சூசன் சொன்டாக், அப்படங்களிலும் பழைய அழகியலே தொடர்கின்றது என எழுதியமை பெரும் விவாதத்தை எழுப்பியது. 1987இல் வெளிவந்த விரிவான தன்வரலாற்றிலும் ரீஃபென்ஸ்டால் தம் விளக்கத்தையே நிலைநாட்ட முயன்றார்.

2. 1982: துணை நடிகர்களின் சாட்சியம்

'தாழ்நிலம்' என்னும் கதைப்படத்தை ரீஃபென்ஸ்டால் 1940 முதல் 1944 வரை படமாக்கினார். அது 1954இலேயே வெளிவந்தது. கதை ஸ்பெயினில் நிகழ்வது. போர்க்காலத்தில் ஸ்பானியத் தோற்றமுடைய துணை நடிகர்களைப் பெற இயலாமையால், சால்ஸ்பேர்க் அருகிலுள்ள மக்ஸ்கிளான் முகாமிலிருந்தும் பேர்லினின் மார்சான் முகாமிலிருந்தும் ஸின்டி, ரோமா மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டனர். இவர்களுட் பலர் சிறுவர். வட இந்தியாவில் வேர்கொண்ட மொழியைத் தம் தாய்மொழியாகப் பேணிவந்த இம்மக்களுட் பலர் பின்னர் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர்; பலர் அங்கே கொல்லப்பட்டனர்.

1949இலேயே 'ரெவ்யூ' என்னும் இதழ் இச்செய்தியை எழுப்பியது. வழக்குத் தொடுத்த ரீஃபென்ஸ்டாலுக்குச் சார்பாகவே மியூனிக் நீதிமன்றம் அப்போது தீர்ப்பளித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், இயக்குநர் நீனா கிளாடிற்ஸ் உயிர்தப்பியோரைத் தேடிச்சென்று அவர்தம் கூற்றுகளைப் பதிவுசெய்தார். 'மௌனமும் இருளும் சூழ்ந்த காலம்' என்னும் பொருள்படும் தலைப்புடைய அப்படத்தை மேற்கு ஜேர்மனியின் டபிள்யு.டி.ஆர். தொலைக்காட்சி நிறுவனம் 1982இல் ஒளிபரப்பியது.

ரீஃபென்ஸ்டால் மீண்டும் நீதிமன்றம் சென்றார். ஃப்ரைபேர்க்கில் தொடங்கிய வழக்கு 1987 வரை நீண்டது. அவர் துணை நடிகர்களை முகாமில் தாமே தெரிந்தெடுத்தார், அவர்களுக்கு ஊதியம் வழங்கப்படவில்லை ஆகிய முதன்மைக் கூற்றுகளைத் தொடர்ந்து வெளியிடக் கிளாடிற்ஸுக்கு உரிமை உண்டு என நீதிமன்றம் கண்டது. அவர்களுக்கு நேரவிருந்த கதியை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் எனும் பகுதி மட்டும் நிறுவப்படவில்லை எனவும், அதனை நீக்கவேண்டும் எனவும் தீர்ப்பாயிற்று. சாட்சி ஒருவரின் சொல்லை வெட்டுவதற்குக் கிளாடிற்ஸ் உடன்படவில்லை. ஆகவே படம் பல்லாண்டுகள் காப்பகத்தில் முடங்கிக் கிடந்தது.

இங்கு ஒரு முரணைக் காண்கின்றோம். வழக்கின் பெரும்பகுதியில் வென்றது படம். மக்கள் முன்னின்று மறைந்ததும் அதே படம். 2002இல், தம் நூறாவது பிறந்தநாளையொட்டி அளித்த நேர்காணலில், 'தாழ்நிலம்' படத்தில் பணியாற்றியோர் அனைவரையும் போருக்குப் பின்னர் தாம் கண்டதாகவும், எவருக்கும் எதுவும் நேரவில்லை எனவும் ரீஃபென்ஸ்டால் கூறினார். கொலோனைச் சேர்ந்த ரோமா அமைப்பு சட்ட நடவடிக்கையில் இறங்கிய பின்னரே அக்கூற்றை அவர் மீளப்பெற்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒளிபரப்பான சாட்சியம் பொதுநினைவில் நிலைத்திருப்பின், அத்தகைய கூற்று அவ்வளவு எளிதாக நாவில் வந்திராது.

3. 1993: நாயகியின் சுயகூற்று

ரே மியூலர் தொலைக்காட்சிக்கென இயக்கிய 'படிமங்களின் ஆற்றல்' ஏறத்தாழ மூன்று மணிநேரம் நீள்வது. சர்வதேச எம்மி விருது பெற்றது. தொண்ணூறு வயதைக் கடந்த நாயகியைப் பழைய படப்பிடிப்பு இடங்களுக்கும் படத்தொகுப்பு மேசைக்கும் அழைத்துச்சென்று பேசவைப்பதே மியூலரின் உத்தி.

இப்படத்தின் சிறப்பு, கூறப்படும் சொல்லுக்கும் கூறுபவரின் முகத்துக்கும் இடையிலான இடைவெளியைக் காட்டியமையே. அணிவகுப்புக் காட்சிகளின் தாளத்தைத் தொகுப்பு மேசையில் விளக்கும்போது அவர் முகம் மலர்கின்றது; அக்காட்சிகளின் பொருளைப் பற்றிக் கேட்கும்போது குரல் கடினமாகின்றது. பிரசார அமைச்சர் கோயபெல்ஸ் தம் நாட்குறிப்பில் அவருடனான சந்திப்புகளைப் பதிந்திருந்தார். அதனை முன்வைத்து வினவியபோது, அவை பொய் எனச் சினத்துடன் மறுக்கின்றார். கமெரா எங்கே நிற்கவேண்டும், தாம் எவ்வாறு நடக்கவேண்டும் என்பன பற்றியும் அவரே இயக்குநருக்குக் கட்டளையிடுகின்றார். தம்மைப் பற்றிய படத்தையும் தாமே இயக்க முயலும் ஒருவரின் இயல்பு அங்கே வெளிப்படுகின்றது.

எனினும், சுயகூற்றை அடிப்படையாகக் கொண்ட எப்படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எதிர்க்கேள்வி எவ்வளவு கூர்மையாக இருப்பினும், இறுதிச்சொல் பேசுபவருக்கே உரியதாகின்றது. மூன்று மணிநேரம் ஒரு முதியவரின் உறுதியையும் உழைப்பையும் கண்ட பார்வையாளர், மக்ஸ்கிளான் முகாமின் சிறுவர்களைக் காட்டிலும் அவரையே நெருக்கமாக உணர்வது இயல்பே.

4. 2024: எழுநூறு பெட்டிகள்

ரீஃபென்ஸ்டால் 2003இல் மறைந்தார். அவரது வாழ்க்கைத்துணைவர் 2016இல் மறைந்தபின், அவர்தம் தனிமனித ஆவணங்கள் 2018இல் பிரஷ்யப் பண்பாட்டு மரபுடைமை அறக்கட்டளையை வந்தடைந்தன. ஏறத்தாழ 700 பெட்டிகளில் கடிதங்கள், தன்வரலாற்றின் பல்வேறு வரைவுகள், ஒளிப்படங்கள், தொலைபேசி உரையாடல்களின் ஒலிநாடாக்கள் முதலியன இருந்தன. இத்தொகுப்பைக் கொண்டு அன்ட்ரெஸ் ஃபையல் இயக்கி, தொலைக்காட்சி ஊடகவியலாளர் சன்ட்ரா மைஷ்பெர்கர் தயாரித்த 'ரீஃபென்ஸ்டால்' 2024 ஆகஸ்டில் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

இதில் மூன்று சான்றுகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, 1976ஆம் ஆண்டு தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியொன்றின் பின்விளைவு. அந்நிகழ்ச்சியில் அவர் வயதையொத்த ஹம்பேர்க் தொழிலாளப் பெண்ணொருவர், நடந்ததை அறிந்திருக்கவில்லை எனும் அவரது கூற்றை நேருக்கு நேர் மறுத்தார். அதன்பின் ரீஃபென்ஸ்டாலுக்கு ஆதரவாகக் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. அழைப்புகளை அவர் நாடாவில் பதிந்து வைத்தார். நாடு ஒழுக்கத்துக்கும் கண்ணியத்துக்கும் மீள ஒன்றிரண்டு தலைமுறைகள் ஆகும் என ஒருவர் கூற, அவர் அதனுடன் உடன்படுகின்றார். பொதுமேடையில் அரசியல் அறியாதவராகத் தோன்றியவர், தனிமையில் யாருடைய ஆறுதலை நாடினார் என்பதை அந்நாடா காட்டுகின்றது.

இரண்டாவது, போலந்தின் கோன்ஸ்கியே நகரில் 1939 செப்டெம்பர் 12இல் யூதர் இருபதுக்கும் மேற்பட்டோர் ஜேர்மன் படையினரால் சுடப்பட்ட நிகழ்வு. போர்ச் செய்திப் படக்குழுவுடன் அவர் அங்கே இருந்தார். அதிர்ந்த முகத்துடன் அவர் நிற்கும் ஒளிப்படம் நன்கு அறியப்பட்டது. காட்சியிலிருந்து யூதர்களை அகற்றுமாறு அவர் கேட்டதே படுகொலைக்குத் தூண்டுதலாயிற்று எனக் கூறும் 1952ஆம் ஆண்டுக் கடிதமொன்றைப் படம் முன்வைக்கின்றது. ஒரேயொரு பின்னாட் கடிதம் முடிந்த முடிபாகாது. ஆயினும் அவரது விளக்கத்தை இனி அக்கடிதத்தோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

மூன்றாவது, 1993ஆம் ஆண்டுப் படத்தில் சேர்க்கப்படாது விடப்பட்ட சுருள்கள். அன்று வெட்டப்பட்டவை இன்று சான்றாகியுள்ளன. கழிவெனக் கருதப்படுவதையும் காப்பதன் பயனுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தன்வரலாற்று வரைவுகளினூடாக, தந்தையின் வன்முறை நிறைந்த இளமையையும் ஃபையல் காட்டுகின்றார். இது அந்த ஆளுமையை விளங்கிக்கொள்ள உதவுகின்றது, அவரை விடுவிப்பதில்லை. அகவாழ்வைக் காட்டுவது மன்னிப்பு வழங்குவதற்கன்று, தெரிவுகள் எங்கே நிகழ்ந்தன என்பதைக் காண்பதற்கே. அன்றியும், இத்தொகுப்பு தம் பெயரைக் காக்கவென நாயகியே சேர்த்தது. அதில் இல்லாதவற்றுக்கு நாம் மீண்டும் 1982ஆம் ஆண்டின் சாட்சிகளிடமே செல்லவேண்டும்.

5. தமிழ்த் திரை வரலாற்றுக்கு

ரீஃபென்ஸ்டாலின் சமகாலத்தவர் ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். திருவையாற்றில் 1911இல் பிறந்த டி. பி. ராஜலட்சுமி, 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் நாயகி. 1936இல் தமது நாவலையே 'மிஸ் கமலா' எனத் தாமே இயக்கினார். இளமையில் நேர்ந்த மணவாழ்வின் துயரைக் கடந்து மேடைக்கு வந்தவர் அவர். அவர் வாழ்வும் எளிய புகழுரைக்குள் அடங்குவதன்று. ஆயினும் 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' ஆகிய இரண்டின் பிரதியும் இன்று இல்லை. ஒருவருக்கு எழுநூறு பெட்டிகள்; மற்றவருக்குத் தம் படத்தின் ஒரு சுருள்கூட எஞ்சவில்லை. தென்னிந்திய மௌனப் படங்களுள் முழுமையாக எஞ்சியதாகக் கருதப்படுவது புனே தேசியத் திரைப்படக் காப்பகத்திலுள்ள 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. முன்னோடி ஆர். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' பெயரளவிலேயே வாழ்கின்றது.

சான்று இல்லாத இடத்தைத் துதியோ அவதூறோ நிரப்பிவிடுகின்றது. 1944இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்ட வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று, 1947இல் விடுதலையானார்கள். நடிகர்களின் சொந்த வாழ்வைக் கிசுகிசுவாக விற்ற இதழியல் ஒருபுறம். விடுதலைக்குப் பின் எழுந்த அனுதாபமும் புகழ்மாலையும் மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே, நீதிமன்றப் பதிவுகளையும் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் கொண்டு அமைதியாக எழுதப்படும் வாழ்க்கை வரலாற்றுக்குரிய இடம் இன்னமும் போதிய அளவு நிரம்பவில்லை.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் உள. எஸ். தியடோர் பாஸ்கரனின் ஆய்வுகள், ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனியொருவராகத் திரட்டிய ஒளிப்படங்களும் தரவுகளும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலுள்ள அச்சு ஆவணங்கள் ஆகியன வலுவான அடித்தளங்கள். தமிழ்ப்படங்களை இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் பற்றி 2013இல் கரண் பாலி எடுத்த ஆவணப்படம், இத்துறையில் செய்யத்தக்கதைக் காட்டிற்று.

முடிவுரை

மூன்று ஆவணப்படங்களையும் ஒருங்கே நோக்கின், எந்த ஒன்றும் தனித்து நின்று ஒரு வாழ்வை விளக்கப் போதுமானதன்று என்பது புலனாகும். சுயகூற்று குரலைத் தருகின்றது. பெட்டிகள் அக்குரலைச் சோதிக்கின்றன. பாதிக்கப்பட்டோரின் சாட்சியமே அவ்விரண்டையும் எதற்காகக் கேட்கின்றோம் என்பதை நினைவூட்டுகின்றது. பெட்டிகள் காத்திருக்கும், வயது முதிர்ந்த சாட்சிகள் காத்திருக்க மாட்டார்கள்.

ஆதலின், தமிழ் ஆய்வு நிறுவனங்களும் நூலகங்களும் இரு பணிகளை ஒருசேர மேற்கொள்ளவேண்டும். முன்னோடிகளின் குடும்பங்களிடம் எஞ்சியுள்ள கடிதங்கள், கணக்கேடுகள், ஒப்பந்தங்கள், நாடாக்கள் ஆகியவற்றை, புகழுக்குக் குறைவு தருவனவற்றையும் விலக்காது, பெற்றுப் பாதுகாத்தல் ஒன்று. துணை நடிகர், ஒப்பனையாளர், ஒளியமைப்புத் தொழிலாளர், குழு நடனப் பெண்கள் ஆகியோரின் நினைவுகளை அவர்கள் வாழும்போதே பதிவுசெய்தல் மற்றொன்று. இவற்றுள் முன்னுரிமை பின்னையதற்கே உரியது. ஸின்டி, ரோமா சாட்சிகளின் சொல் 1949இல் நீதிமன்றத்தில் தோற்று, 1982இல் திரையேறி, பின்னர் காப்பகத்தில் அடைபட்டுக் கிடந்த வரலாறு நமக்கு உணர்த்துவது இதனையே.