யத்ரிபுக்கு வந்த முதல் ஆசிரியரும் அவருக்குக் கதவு திறந்தவரும்



ஆசிரியர் தொழிலில் இருக்கும் நம்மில் பலருக்கு ஒரு நாள் மறக்காது. முதல் நியமனக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் கேள்விப்பட்டிருந்த ஓர் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கிய நாள் அது. யாரிடம் வழி கேட்பது, இன்றிரவு எங்கே தங்குவது, பிள்ளைகள் நம்மை ஏற்றுக்கொள்வார்களா என்று மனம் அடித்துக்கொள்ளும். நமது ஊருக்கும் இப்படி யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியை, ஒரு மவ்லவி, ஒரு வைத்தியர் என்று வருகிறார்கள். சிலர் நிலைக்கிறார்கள். பலர் கொஞ்ச நாளில் இடமாற்றம் கேட்டுப் போய்விடுகிறார்கள். அவருக்கு நம்மட ஊர் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டு நாமும் மறந்துவிடுகிறோம்.

இன்று முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களின் வரலாற்றைக் கொஞ்சம் பேசுவோம். சிறு வயதில் மதரஸாவில் நாம் எல்லோரும் கேட்டதுதான். ஆனால் அன்று ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்தோம் போலிருக்கிறது.

கி.பி. 621 ஆம் ஆண்டு ஹஜ் காலம். மினாவுக்கு அருகே அகபா என்ற இடத்தில் யத்ரிபைச் சேர்ந்த 12 பேர் நபி (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி கொடுத்தார்கள். 10 பேர் கஸ்ரஜ் கோத்திரம், 2 பேர் அவ்ஸ் கோத்திரம். அவர்களுக்குக் குர்ஆனையும் மார்க்கத்தையும் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். நபியவர்கள் தெரிவுசெய்தது முஸ்அபை.

முஸ்அப் மக்காவில் வசதியாக வளர்ந்தவர். குறைஷிகளில் அப்துத் தார் குடும்பம். அவர் உடுத்தும் உடையையும் பூசும் நறுமணத்தையும் ஊரே பேசும். தாருல் அர்கமில் இஸ்லாத்தை ஏற்ற பிறகு பெற்ற தாயே அவரைப் பூட்டி வைத்தார். அங்கிருந்து தப்பி ஹபஷாவுக்குப் போய், திரும்பி வந்தவர். ஆக, அந்நிய ஊரில் வாழ்வது என்றால் என்னவென்று அவருக்கு ஏற்கனவே தெரியும். சுகமான வாழ்க்கை கைவிட்டுப் போனதும் அவருக்குப் பழகிவிட்டது.

இப்போது யத்ரிபைப் பார்ப்போம். மக்காவிலிருந்து 400 கிலோமீற்றருக்கும் அப்பால், பேரீச்சந் தோட்டங்கள் நிறைந்த ஊர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிக் குடியிருப்பு, கோட்டை. யூதக் கோத்திரங்களும் அங்கே வாழ்ந்தன. அவ்ஸும் கஸ்ரஜும் தலைமுறைகளாகப் பகை. ஒருசில ஆண்டுகளுக்கு முன்தான் புஆஸ் யுத்தத்தில் இரு பக்கத் தலைவர்களும் செத்து மடிந்திருந்தார்கள். எந்த வீட்டில் யாருடைய இரத்தம் காயவில்லை என்பது வெளியூர்க்காரனுக்கு விளங்காது. இந்த ஊருக்குத்தான் தன் கோத்திரத்தின் பாதுகாப்பு இல்லாத ஓர் இளைஞர் வந்து இறங்குகிறார்.

அவருக்குத் தங்க இடம் கொடுத்தவர் கஸ்ரஜில் பனூ நஜ்ஜார் குடும்பத்தின் அஸ்அத் இப்னு ஸுராரா (ரழி). அந்த வீடுதான் முதல் மதரஸா ஆனது. முஸ்அபை ஊரார் 'முக்ரி', அதாவது ஓதிக்கொடுப்பவர் என்று அழைக்கத் தொடங்கினார்கள். கண் பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களும் ஓதிக்கொடுத்தார்கள். அப்போது சிறுவராக இருந்த பரா இப்னு ஆஸிப் (ரழி) அவர்கள், நபியவர்கள் மதீனா வந்து சேருமுன்பே தாம் ஸூரதுல் அஃலாவையும் இன்னும் சில ஸூராக்களையும் மனனம் செய்துவிட்டதாகப் பின்னாளில் சொன்னார்கள். ஓர் ஆசிரியருக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

தொழுகை நேரம் வந்தால் இன்னொரு பிரச்சினை. அவ்ஸ் காரர் இமாமாக நின்றால் கஸ்ரஜுக்குப் பிடிக்காது. கஸ்ரஜ் நின்றால் அவ்ஸுக்குப் பிடிக்காது. அதனால் முஸ்அபே முன்னின்று தொழுவித்தார் என்று இப்னு இஸ்ஹாக் பதிவுசெய்கிறார். இருவருக்கும் சொந்தமில்லாதவர் என்பதே அங்கே அவருடைய தகுதியாகிவிட்டது. பள்ளி நிருவாகத்துக்காகப் பிரிந்து நிற்கும் ஊர்கள் இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

பிறகு அந்தத் தோட்டத்துச் சம்பவம். அஸ்அத் முஸ்அபை அவ்ஸ் பகுதிக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனார். பனூ ழஃபர் தோட்டத்தில் ஒரு கிணற்றடியில் இருவரும் அமர்ந்தார்கள். அவ்ஸின் பனூ அப்தில் அஷ்ஹல் குடும்பத் தலைவர் ஸஃத் இப்னு முஆத். அவர் அஸ்அதின் பெரியம்மா - சின்னம்மா பிள்ளை. உறவு முறை தடுத்ததால் தான் போகாமல் உஸைத் இப்னு ஹுழைரை அனுப்பினார், அந்த இரண்டு பேரையும் விரட்டிவிடும்படி. உஸைத் ஈட்டியோடு வந்தார். நமது எளியவர்களை ஏமாற்ற வந்தீர்களா, உயிர் மேல் ஆசை இருந்தால் எழுந்து போங்கள் என்று ஏசினார்.

முஸ்அப் பயந்து எழும்பவுமில்லை, பதிலுக்கு ஏசவுமில்லை. கொஞ்சம் உட்கார்ந்து கேட்கிறீர்களா, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுகிறோம் என்றார். உஸைதுக்கு அது நியாயமாகப் பட்டது. ஈட்டியை நிலத்தில் ஊன்றிவிட்டு உட்கார்ந்தார். குர்ஆனைக் கேட்டார். எழுந்தபோது முஸ்லிமாக எழுந்தார். பிறகு ஓர் உபாயம் செய்து ஸஃதையும் அங்கே அனுப்பிவைத்தார். அவரும் கோபத்தோடு வந்தார், அதே வார்த்தையைக் கேட்டார், உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் அந்தக் குடும்பத்தில் ஒருவரைத் தவிர ஆணும் பெண்ணும் எல்லோரும் இஸ்லாத்தில் வந்துவிட்டார்கள். அந்த ஒருவரும் உஹுத் நாளில் வந்து ஷஹீதானார். அடுத்த ஹஜ்ஜுக்கு அகபாவில் கூடியவர்கள் 73 ஆண்கள், 2 பெண்கள்.

நாம் இதை எப்போதும் முஸ்அபின் வெற்றி என்றே சொல்லிக்கொடுக்கிறோம். அது சரிதான். ஆனால் அந்தக் கிணற்றடியில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஈட்டியை ஊன்றிவிட்டுக் கேட்கத் துணிந்த உஸைத். மற்றவர் பக்கத்தில் அமர்ந்திருந்த அஸ்அத். வீட்டைக் கொடுத்தவர் அவர். யார் எந்தக் குடும்பம், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று காதில் சொல்லிக்கொடுத்தவர் அவர். பகைக் கோத்திரத்தின் எல்லைக்குள் விருந்தாளியைத் தனியே அனுப்பாமல் கூடவே போனவரும் அவர்தான்.

முஸ்அப் உஹுதில் கொடி பிடித்தபடி ஷஹீதானதும், கபன் துணி போதாமல் பாதத்தை இத்கிர் புல்லால் மூடியதும் நமக்குத் தெரியும். அஸ்அத் அதற்கும் முன்பே, ஹிஜ்ரத் நடந்த சில மாதங்களில் வபாத்தாகிவிட்டார். பல வருடங்களின் பின், பார்வை இழந்த கஃப் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் ஜும்ஆ பாங்கு கேட்கும்போதெல்லாம் அஸ்அதுக்காகப் பாவமன்னிப்புத் தேடுவார்களாம். மகன் காரணம் கேட்டபோது, எங்களை முதன்முதலில் ஜும்ஆவுக்கு ஒன்றுசேர்த்தவர் அவரல்லவா என்றார்கள். அன்று எத்தனை பேர் என்று கேட்டதற்கு, 40 பேர் என்றார்கள்.

இதை ஏன் எழுதுகிறோம்? கொஞ்ச காலத்துக்கு முன் தூர இடத்திலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை நமது பகுதிக்கு வந்தார். தங்குவதற்கு அறை தேடி மூன்று, நான்கு வீடுகளில் கேட்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. நம்மிடமும் இருந்தது. இரண்டாம் தவணை தொடங்கும்போது அவர் இல்லை. அந்த வருடம் சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துத் தாங்களே படித்தார்கள்.

முஸ்அபைப் போன்ற ஒருவர் நமக்கு வரவில்லையே என்று கவலைப்படுகிறோம். வந்தவருக்கு நாம் அஸ்அதாக இருந்தோமா என்பதுதான் கேள்வி. அடுத்த முறை பஸ் தரிப்பிடத்தில் ஒரு புதிய முகம் பையோடு நிற்கக் கண்டால், எந்த ஊர், எந்த ஜமாஅத் என்று விசாரிக்குமுன் சாப்பிட்டீர்களா என்று கேட்போம். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

அல்லாஹ் நம் வீட்டுக் கதவுகளையும் உள்ளங்களையும் விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.