நல்ல ரசனைக்கு யார் பொறுப்பு? இந்திய ஒளிபரப்பு விதிகளில் ஒரு சொற்றொடரின் வரலாறு

2012 ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை. ‘தி டர்ட்டி பிக்சர்’ என்னும் இந்தித் திரைப்படம் நண்பகலிலும் இரவு 8 மணிக்கும் சோனி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாக இருந்தது. விளம்பரங்கள் பல நாள்களாக ஓடிக்கொண்டிருந்தன. படம் ஒளிபரப்பாகவில்லை. இரவு 11 மணிக்குப் பிறகே காட்ட வேண்டும் என்று தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் கடைசி நேரத்தில் அறிவுறுத்தியதும் நிறுவனம் ஒளிபரப்பைக் கைவிட்டது.

திரையரங்கில் அப்படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ் கிடைத்திருந்தது. தொலைக்காட்சிக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகள் செய்யப்பட்டு, தணிக்கை வாரியத்தின் ‘யு/ஏ’ சான்றிதழும் பெறப்பட்டிருந்தது. தணிக்கை வாரியம் அதே அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. சில வாரங்களுக்கு முன்புதான் அப்படத்தில் நடித்தமைக்காக வித்யா பாலனுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டிருந்தது. தேசியத் திரைப்பட விருதுகளும் அப்போது அதே அமைச்சகத்தின் பொறுப்பிலேயே இருந்தன. ஆக, சில்க் ஸ்மிதாவின் வாழ்வை நினைவூட்டும் அப்படத்தை அமைச்சகத்தின் ஒரு கை பாராட்டியது, இன்னொரு கை வெட்டித் தைத்து அனுமதித்தது, மூன்றாவது கை தடுத்தது. இதை அதிகாரிகளின் குழப்பம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் இந்திய ஒளிபரப்புச் சட்டம் அமைந்துள்ள முறையே இத்தகைய குழப்பத்துக்கு இடம் தருகிறது.

கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994ஆம் ஆண்டு வெளியிடப்பட்டவை. அவற்றின் ஆறாம் விதிக்கு ‘நிகழ்ச்சி நெறிமுறை’ என்று பெயர். நல்ல ரசனைக்கோ கண்ணியத்துக்கோ ஊறு விளைவிக்கும் நிகழ்ச்சியைக் கேபிள் வழியே அனுப்பக் கூடாது என்று அதன் முதல் உட்பிரிவு கூறுகிறது. ஆபாசத்தைத் தடுக்கும் உட்பிரிவு தனியே, சற்றுப் பின்னால் வருகிறது. பெண்ணுடலை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுப்பது இன்னோர் உட்பிரிவு. எனவே நல்ல ரசனைக்கு ஊறு என்பது சட்டத்தின் பார்வையில் ஆபாசம் அன்று. ஆபாசம் என்னும் எல்லையை எட்டாத வேறு ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்று எது என்பதற்கு விதிகளில் வரையறை இல்லை.

பழைய இலக்கண மரபுகள் இவ்விடத்தில் இதைவிடக் கவனமாக இருந்தன. வடமொழிக் காவிய இயல் ‘அச்லீலம்’ என்ற குற்றத்தை நாணம் தருவது, அருவருப்புத் தருவது, அமங்கலம் தோன்றச் செய்வது என மூன்றாகப் பிரித்தது. தொல்காப்பியம் ‘அவையல் கிளவி’ என்று பேசும்போது சொல்லின் தகுதியை அவையோடு சேர்த்தே காண்கிறது: ஒரு சொல் தன்னளவில் தீயது என்பதைவிட, எந்த அவையில் சொல்லப்படுகிறது என்பதே அங்கே முதன்மை. இன்று தமிழில் வழங்கும் ‘ஆபாசம்’ என்ற சொல்லே வடமொழியில் போலித் தோற்றத்தைக் குறித்த ‘ஆபாஸ’ என்பதிலிருந்து வந்து, பொருள் திரிந்து நிற்பது. ஒளிபரப்பின் சிக்கல், அதற்கு வரையறுத்த அவை இல்லை என்பதுதான். குழந்தையும் பாட்டியும் தனியாக வாழும் இளைஞரும் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையின் முன் இருக்கிறார்கள். அந்த அவைக்குத் தலைவர் யார் என்ற கேள்வியே இந்த வரலாற்றின் மையம்.

முதலில், இச்சொற்றொடர் வந்த வழி. பிபிசியின் தனியுரிமையை முடித்து வணிகத் தொலைக்காட்சிக்கு வழிவிட்ட பிரிட்டனின் 1954ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிச் சட்டம், மூன்றாம் பிரிவில் ‘நல்ல ரசனைக்கோ கண்ணியத்துக்கோ ஊறு’ என்பதற்கான அதே ஆங்கிலச் சொற்களை அதே வரிசையில் கொண்டிருந்தது. 1990ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஒளிபரப்புச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து வெளிவந்த இந்திய விதியில் அச்சொற்கள் மாறாமல் நிற்பதைத் தற்செயல் என்று கொள்வது கடினம்.

ஆனால் பிரிட்டனில் அக்கட்டளை அமைச்சருக்கு இடப்படவில்லை. அரசிடமிருந்து விலகி நின்ற ஓர் ஆணையத்துக்கு இடப்பட்டது. 1973இல் ஆண்டி வார்ஹோல் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு எதிராக வழக்கு வந்தபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. ஆணைய உறுப்பினர்கள் படத்தைத் தாமே பார்த்து முடிவெடுத்த பின்னர் தடை விலகியது. ரசனையைத் தீர்மானிப்பது ஆணையத்தின் வேலை, ஆனால் அதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதே அவ்வழக்கின் சாரம். 2003இல் பிரிட்டன் அச்சொற்றொடரையே கைவிட்டு, ‘தீங்கு’, ‘புண்படுத்தல்’ என்னும் அளவுகோல்களுக்கு நகர்ந்தது. இந்தியா சொற்களை எடுத்துக்கொண்டது. அவற்றைத் தாங்கிய நிறுவனத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கான விடை வானொலியின் காலத்தில் இருக்கிறது. 1936இல் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்று பெயர் பெற்ற அமைப்பு தொடக்கம் முதலே அரசுத் துறை. அங்கே கண்ணியம் பற்றிய கட்டுப்பாடு பாடலின் சொற்களோடு நிற்கவில்லை. பாடியவரின் வாழ்க்கை வரை நீண்டது. நடுத்தர வர்க்கக் குடும்பங்களின் பெண்கள் ஒலிவாங்கி முன் வரத் தயங்கிய காலத்தில், வட இந்திய நிலையங்களின் இசை தவாயிஃப் மரபில் வந்த பாடகியரைப் பெரிதும் நம்பியிருந்தது. 1946இல், இடைக்கால அரசில் வல்லபபாய் பட்டேல் இத்துறைக்குப் பொறுப்பேற்றபின், எவருடைய சொந்த வாழ்க்கை ஊரறிந்த அவதூறாக இருக்கிறதோ அவருக்கு வானொலியில் இடமில்லை என்ற நிலைப்பாடு நடைமுறைக்கு வந்தது. ஆணையின் சொற்கள் பாலினம் பாராதவை. விளைவு அப்படி இல்லை. அது யாரைக் குறிவைத்தது என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. கேட்பவரின் காதில் விழும் குரலில் எந்தக் குற்றமும் இல்லை, குரலுக்குரியவரின் முகவரியில்தான் குற்றம் என்பது தணிக்கை வரலாற்றில் விசித்திரமான ஒரு நிலை. அந்தப் பாடகியரின் கலையை வானொலி விடவும் முடியவில்லை. தும்ரியும் தாத்ராவும் ‘மெல்லிசைச் செவ்வியல்’ என்ற மரியாதையான தலைப்பின்கீழ் அலைவரிசையில் தொடர்ந்தன. 1945இல் ஒரு பாரிஸ்டரை மணந்த அக்தரிபாய் ஃபைசாபாதி, பின்னாளில் பேகம் அக்தராக அதே வானொலியின் பெருமைக்குரிய குரலானார். பெயரின் ஒட்டு மாறியபோது கண்ணியமும் மாறியது என்பதைச் சமூக மொழியியல் மாணவர்கள் தனியே ஆராயலாம்.

1952இல் அமைச்சரான பி.வி.கேஸ்கர் திரைப்பாடல்களை மலினமானவை என்று கருதினார். தயாரிப்பாளர்களுடனான பிணக்கும் சேர்ந்துகொள்ள, இந்தித் திரைப்பாடல்கள் அரசு வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. கேட்பவர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது அதே ஆண்டின் இறுதியில்தான். 1957 அக்டோபர் 3 அன்று ‘விவித் பாரதி’யைத் தொடங்கி அரசு இறங்கி வந்தது. பின்னாளில் தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’, சென்னையின் ‘ஒளியும் ஒலியும்’ ஆகியவற்றுக்காகத் தெருவே காத்திருந்ததைக் கேஸ்கர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாரோ!

இக்காலம் முழுவதும் கண்ணியத்துக்கு வரையறை தேவைப்படவில்லை. ஒலிபரப்புபவரும் தணிக்கை செய்பவரும் ஒருவரே என்றால் எதையும் தடை செய்ய வேண்டியதில்லை. எடுக்காமல் இருந்தால் போதும். 1991இல் வளைகுடாப் போரோடு செயற்கைக்கோள் ஒளிபரப்பு வீடுகளுக்குள் வந்தபோதுதான் அரசு முதன்முறையாகப் பிறருடைய ஒளிபரப்பின் முன் நின்றது. 1994 செப்டம்பரில் கேபிள் அவசரச் சட்டமும் அதன்கீழ் விதிகளும் வந்தன. கோபுரம் தன் கையில் இல்லாத அரசு, தெருவில் கம்பி இழுத்த கேபிள்காரரைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த சில மாதங்கள் முக்கியமானவை. 1995 பிப்ரவரி 9 அன்று, வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அலைக்கற்றைகள் பொதுச்சொத்து என்றது. அவற்றை ஒழுங்குபடுத்தச் சமூகத்தின் எல்லாப் பிரிவினருக்கும் இடமளிக்கும் சுதந்திரமான, தன்னாட்சி கொண்ட பொது ஆணையத்தை அமைக்க மத்திய அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் பணித்தது. மார்ச் 25 அன்று கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இடையில் ஆறு வாரங்களே. அச்சட்டத்தில் ஆணையம் இல்லை. நிகழ்ச்சியைத் தடுக்கும் அதிகாரம் உள்ளூர் அலுவலருக்கும் மத்திய அரசுக்குமே தரப்பட்டது. 1997இல் கொண்டுவரப்பட்ட ஒளிபரப்பு மசோதா ஆணையம் ஒன்றை முன்வைத்தது, அது சட்டமாகவில்லை.

அதிகாரம் பயன்படுத்தப்பட்ட முறையைப் பார்த்தால் வரையறையின்மை எங்கே கொண்டுபோய்விடுகிறது என்பது தெரியும். 2007 ஜனவரியில் ஏஎக்ஸ்என் அலைவரிசைக்கு இரண்டு மாதத் தடை. காரணம், கவர்ச்சி விளம்பரங்களைத் தொகுத்த ஒரு நிகழ்ச்சி. மார்ச் இறுதியில் எஃப்டிவிக்கும் இரண்டு மாதத் தடை. காரணம் ‘மிட்நைட் ஹாட்’. பெயரே சொல்வது போல அது நள்ளிரவு நிகழ்ச்சி. நேரம் அதைக் காப்பாற்றவில்லை. ஆனால் 2010 நவம்பரில் ‘பிக் பாஸ்’, ‘ராக்கி கா இன்சாஃப்’ ஆகியவற்றை இரவு 11 முதல் அதிகாலை 5 வரை நகர்த்தும்படி ஆணையிட்டபோது நேரமே பரிகாரமாயிற்று. ‘பிக் பாஸ்’ தொடர்பான ஆணையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களைக் காலை 6 முதல் இரவு 10 வரை காட்டக் கூடாது என்று அறிவுரை வந்தது. எதிர்ப்பு எழுந்ததும், பாலுணர்வைத் தூண்டும் விளம்பரங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சில நாள்களில் விளக்கமும் வந்தது. 1968 முதல் ‘நிரோத்’தை ஊரெங்கும் விளம்பரப்படுத்திய அரசுதான் இது! ஒரே நெறிமுறையின்கீழ் கண்ணியம் ஒருமுறை 10 மணிக்கு முடிகிறது, ஒருமுறை 11 மணிக்கு, ஒருமுறை முடிவதே இல்லை.

தண்டனையின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். குற்றம் ஒரு நிகழ்ச்சியில். அணைந்ததோ முழு அலைவரிசை. எஃப்டிவியின் 2010ஆம் ஆண்டு ஒன்பது நாள் தடை, அதற்கு முந்தைய ஆண்டு ஒளிபரப்பான காட்சிக்காக விதிக்கப்பட்டது. மாதங்கள் கடந்தபின் பார்வையாளரை எதிலிருந்து பாதுகாக்கிறோம் என்று எவரும் விளக்கவில்லை.

அதற்காக, முறையிட்டவர்கள் எல்லாரும் பிற்போக்காளர்கள் என்று சொல்லிவிட முடியாது. மும்பையில் 2004இல் வயதுவந்தோர் படங்களின் ஒளிபரப்புக்கு எதிராகப் பொதுநல வழக்குத் தொடுத்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. வரவேற்பறையில் குழந்தை எதைப் பார்க்கும் என்ற கவலை உண்மையானது. அதன் முடிவுதான் கவனத்துக்குரியது: 2006 ஆகஸ்டில் நகரக் காவல்துறை கேபிள் அலுவலகங்களில் கருவிகளைப் பறிமுதல் செய்தது. அதே மாதம் விதி திருத்தப்பட்டு, பொதுக் காட்சிக்கு ஏற்றதெனச் சான்றிதழ் பெறாத படங்களுக்குத் தொலைக்காட்சியில் எந்த நேரத்திலும் இடமில்லை என்றாயிற்று. குழந்தைகளுக்கான பாதுகாப்பு, வயதுவந்தோர் அனைவரையும் குழந்தைகளாக்கி முடிந்தது.

நீதிமன்றங்கள் ஆபாசத்தின் எல்லையை நகர்த்தியிருக்கின்றன. 1964இல் ரஞ்சித் உதேசி வழக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஹிக்ளின் அளவுகோலைத் தழுவிய உச்ச நீதிமன்றம், 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் அதைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் பார்வையை அளவாகக் கொண்டது. அடுத்த ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, அதன் சொற்கள் எல்லையற்றுத் தெளிவின்றி இருப்பதைச் சுட்டி நீக்கியது. அரசியலமைப்பின் 19(2) உறுப்பு பேச்சுரிமைக்கு அனுமதிக்கும் வரம்புகளில் கண்ணியம் உண்டு, ஒழுக்கம் உண்டு, ரசனை இல்லை. 66ஏ பிரிவு நீக்கப்பட்ட அதே காரணத்தை நிகழ்ச்சி நெறிமுறையின் முதல் உட்பிரிவுக்கும் பொருத்திப் பார்க்கத் தடையேதும் இல்லை.

2008இல் செய்தி அலைவரிசைகளும் 2011இல் பொழுதுபோக்கு அலைவரிசைகளும் தமக்குத் தாமே முறையீட்டு அமைப்புகளை ஏற்படுத்திக்கொண்டன. 2021 ஜூன் 17 அன்று திருத்தப்பட்ட விதிகள் அவற்றுக்குச் சட்ட ஏற்பளித்து, மூன்று படிநிலைகளை வகுத்தன: ஒளிபரப்பாளர், தன்னொழுங்கு அமைப்பு, இறுதியாக மத்திய அரசு. 2023 நவம்பரில் வெளியிடப்பட்ட ஒளிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவு ஓர் ஆலோசனைக் குழுவை முன்வைத்தது. அக்குழு பரிந்துரைப்பது மத்திய அரசுக்கே. 2024 ஆகஸ்டில், விரிவான கலந்தாய்வுக்குப் பின் புதிய வரைவு வெளியிடப்படும் என அமைச்சகம் அறிவித்தது. பிரிட்டன் கைவிட்ட சொற்றொடர் இந்திய நெறிமுறையின் முதல் வரியில் அந்த அறிவிப்புக்குப் பிறகும் இருந்தது.