ஓட்டையை அடைக்கிற கதைகள்

1964-ல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸ்ல ஒரு தப்பு. ஹல்க்கோட நிஜப் பெயர் புரூஸ் பேனர். ஸ்டான் லீ மறந்துபோய் ‘பாப் பேனர்’னு எழுதிட்டார். வாசகர்கள் பிடிச்சுட்டாங்க. முழுப் பெயரே ராபர்ட் புரூஸ் பேனர்தான்னு அவர் சமாளிச்சார். பாப்ங்கிறது ராபர்ட்டோட செல்லப் பெயராச்சே! இன்னைக்கும் ஹல்க்குக்கு அதுதான் பெயர்.

திண்டிவனம் பக்கம் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த எனக்கு இது புதுசா தெரியல. ஒருத்திக்கு எப்படி அஞ்சு புருஷன்? முற்பிறவியில சிவன்கிட்ட அஞ்சு தடவை கணவன் வேணும்னு கேட்டுட்டாளாம். சரி, பாண்டவர் மனைவிக்குச் செஞ்சி பக்கத்து மேலச்சேரியில என்ன வேலை? நூறு தலை அசுரனை அழிக்க அங்கே மறுபடி பிறந்தாள் என்பது ஊர்க் கதை. ஓட்டையை அடைக்கப் போய், புதுக் கதையே பிறந்துடுச்சு.

ஆனா எல்லா ஓட்டையும் அப்படி அடையாது. விழுப்புரம் பக்கத்துல மேல்பாதி. அங்கேயும் திரௌபதி அம்மன் கோயில்தான். தலித் மக்கள் உள்ளே வரக் கூடாதுன்னு தகராறு. 2023 ஜூன்ல கோயிலுக்கே சீல் வெச்சாங்க. சபையில நியாயம் கேட்டவளோட வாசல்லயே தடை. இதுக்கு எந்தக் கதையிலும் சமாதானம் கிடையாது. 2025 ஏப்ரல்ல, நீதிமன்ற உத்தரவோட, போலீஸ் பாதுகாப்புல அவங்க உள்ளே போய்க் கும்பிட்டாங்க.